பலகையில் ஏறாத பெயர்

இன்று காலை ஐந்தாறு துரைமார் மேல் உட்கார்ந்து காப்பி குடித்தேன். நீர் இருந்திருந்தால், "கிளார்க்கு, விடியுமுன்னே கதை கட்ட ஆரம்பிச்சாச்சா?" என்றிருப்பீர். கதையில்லை. துறைமுகம் போகும் ரோட்டில் புதிதாகக் கடை போட்ட அண்ணாச்சி, நம் கோல்ப் கிளப்பின் தட்டுமுட்டுச் சாமானை ஏலம் விட்டபோது ஒரு தேக்குப் பலகையை எடுத்துவந்து, கால் அடித்து, பெஞ்சியாகப் போட்டிருக்கிறார். வருஷா வருஷம் கோப்பை ஜெயித்தவர் பெயரைத் தங்க வர்ணத்தில் எழுதி ஹாலில் மாட்டியிருந்தார்களே, அதே பலகை. எழுத்து மேலே தெரிகிறது. கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு வெற்றிடம். அங்கே உட்கார மனம் வராமல் துரைமார் மேல் உட்கார்ந்தேன். காப்பி ஆறிப்போயிற்று.

உமக்கு இதையெல்லாம் யாராவது சொல்ல வேண்டாமா? அலுப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஊர்வம்பு பேச உம்மைப்போல ஆள் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

அந்த மைதானம் இப்போது உப்பளமாகிறது. பழைய பருத்திக் கம்பெனித் துரை ஒருவர், தன் ஊர்ச் சோலையை இந்தக் கடற்கரையில் உண்டாக்கியே தீருவேன் என்று வேம்பும் பூவரசும் புளியுமாக நட்டு, வண்டி வண்டியாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த இடம். மரம் பிழைத்தது, புல் பிழைக்கவில்லை. அதனால் பந்து விழும் குழியைச் சுற்றி மணலைப் பரப்பி, லாஞ்சுகளின் கழிவு எண்ணெயை ஊற்றிக் கெட்டித்து, புல்தரையின் 'கிரீன்' என்ற பெயருக்குப் பதில் அதற்கு 'பிரௌன்' என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு துரையும் ஆடி முடித்ததும் கால்தடம் போக நம் ஆட்கள் சாக்கை இழுத்து மணலைச் சமப்படுத்த வேண்டும். நம்மவர் உள்ளே நுழைய இரண்டே வழி: வேலைக்காரனாக வர வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளாடாக வர வேண்டும். வெள்ளாட்டுக்கு மரியாதை கொஞ்சம் கூடுதல்.

நான் பருத்திக் கம்பெனி ஆபீசில் கிளார்க், கிளப் கணக்கும் என் தலையில். நீர் மட்டைப்பை தூக்குகிறவர்களுக்கெல்லாம் மேஸ்திரி. தை மாதப் பந்தயம் வந்துவிட்டால் உம்மைப் பிடிக்க முடியாது. கொழும்புக் கப்பலில் துரைமார் வந்து இறங்குவார்கள், வேப்பமரத்தடியில் கூடாரம், எந்தத் துரைசானி எந்தக் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்ற செய்தி உம் வழியாகத்தான் எனக்கு வரும். பருத்திக் கம்பெனியின் அப்போதைய பெரிய துரைக்கு நீர்தான் பை தூக்குவீர். யுத்த காலத்தில் பந்து கிடைக்காமல் தவித்தார்கள். அவர் குழிக்குள் தட்டிய மறுகணம் நீர் குனிந்து எடுத்து, தோள் துண்டில் துடைத்து, இரு கையிலும் ஏந்திக் கொடுப்பீர். காக்காய் முட்டையென்று தூக்கிப்போன பந்தைப் புளியமரத்தில் ஏறி மீட்டு வந்தீரே, அப்போதும் துடைத்துத்தான் கொடுத்தீர்.

துரைமார் எழுந்திருக்குமுன் உடைந்த மட்டையை வைத்து நீர் ஆடுவீர். எனக்கும் ஒருநாள் மட்டையைக் கொடுத்தீர். நான் ஓங்கி அடித்ததில் மண் பறந்தது, என் செருப்பு பறந்தது, பந்து மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. "பந்துக்கு உம்மை ரொம்பப் பிடிச்சுப்போச்சு வே" என்றீர்.

பிறகு பிரௌன் மணலில் உம் பெயரை இங்கிலீஷில் எழுதிக் காட்டச் சொன்னீர். குச்சியால் எழுதினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர். "அந்தப் பலகையில எம்பேரு ஒருக்கா ஏறணும். ஏறிட்டா செத்தாலும் சரிதான்" என்றீர். அப்புறம் நீரே சாக்கை இழுத்து அழித்தீர். துரை வரும் நேரமாகிவிட்டதே.

சுதந்திரம் வந்ததும் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். மறு தையில் பந்தயத்துக்கு ஆள் தேறவில்லை. ஆள் கணக்கை நிரப்ப, சிப்பந்திகளும் ஆடலாம் என்றார்கள். நீர் வெள்ளைக் கால்சட்டை தைத்துக்கொண்டு வந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தையல்காரன் இடுப்பை உமக்கும் கால்களை வேறு யாருக்கோ அளந்திருந்தான். ஆனால் உம் ஆட்டத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டீர். எதிரே, ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டியிருந்த அதே பெரிய துரை.

கடைசிக் குழி வரைக்கும் இருவரும் சமம். உம் பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். துரை தட்டினார், தவறிப்போயிற்று. அடுத்த தட்டில் குழிக்குள் போட்டுவிட்டு, நிமிராமலே, பழக்கப்படி கையைப் பின்னால் நீட்டினார். நீர் உம் பந்தைத் தட்டினால் போதும், கோப்பை உம்முடையது.

நீர் குனிந்தீர். குழிக்குள் கிடந்த அவர் பந்தை எடுத்தீர். ஒரு சாண் தள்ளிக் கிடந்த உம் பந்தையும் எடுத்தீர். இரண்டையும் துண்டில் துடைத்து, இரு கையிலும் ஏந்தி, அவரிடம் நீட்டினீர்.

ஆடி முடிக்காத பந்தைக் கையால் எடுத்தால் அந்தக் குழி போயிற்று என்பது சட்டம். துரைக்கு முகம் வெளுத்துவிட்டது, இருந்த வெளுப்புக்கு மேலே. திரும்ப வைத்து ஆடு என்று இரண்டு தரம் சொன்னார். நீர் மாட்டேனென்று தலையாட்டினீர். "எடுத்தது எடுத்ததுதான் தொரை" என்றீர். பலகையில் அவர் பெயர் ஏறியது. அதற்குப் பிறகு பந்தயமும் இல்லை, பெயரும் இல்லை.

அன்று சாயங்காலம் பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். உம்மைத் தேற்றுவதாக நினைத்து ஏதேதோ உளறினேன். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "கைதான் எடுத்துச்சு வே. நான் எடுக்கல" என்றீர். அந்த மழைக்காலத்துக் காய்ச்சலில் நீர் போய்ச் சேர்ந்தீர்.

இன்று காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஆபீசின் புது மேனேஜர் கடைக்கு வந்தார். ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை, என் ஊர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர். நான் எழுந்துவிட்டேன். டம்ளரையும் பின்னால் மறைத்துவிட்டேன்; ஏன் மறைத்தேன் என்று கேட்காதீர். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "இரியுங்க அண்ணாச்சி, இப்ப யாரு தொரை?" என்று சொல்லி, பலகையின் வெற்றிடத்தில் தாமே உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார்.

உட்காரத்தான் நினைத்தேன். அவர் காப்பி குடித்து எழுந்து போகிற வரைக்கும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

கால்தான் நின்னுச்சு வே. நான் நிக்கல.