அழித்த எண்

இன்று காலை மேஜை இழுப்பறையைத் திறந்ததும் பழைய ரப்பர் துண்டின் வாசனை வந்தது. ரப்பர் கல்லாக இறுகிவிட்டது. வாசனை மட்டும் போகவில்லை. கூடவே உன் குரலும் கேட்டது: "பென்சில் சாமி, இன்னிக்கு யாருக்குப் பயந்து எழுதறே?"

நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மைசூரில் அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் நம் மேஜைகள் அடுத்தடுத்து இருந்தன. எந்த முடிவையும் நான் முதலில் பென்சிலில்தான் எழுதுவேன். அதிகாரி பார்த்துத் தலையாட்டிய பிறகே மை. ஒழுங்கு என்று சொல்லிக்கொள்வேன். பயம் என்று உனக்குத் தெரியும்.

சாமராஜநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கிணறு. "நைட்ரேட் கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுதே?" என்றார் அதிகாரி. நான் எண்ணை அழித்துக் குறைத்து எழுதினேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தபடி உன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டாய்:

"மாராயா, இந்த வாழ்க்கை இப்படியே திரும்பத் திரும்ப வரும்னு வெச்சுக்கோ. ஒரு எழுத்து மாறாது. அப்பவும் அழிப்பியா?"

"அடுத்த பிறவியில சரி பண்ணிக்கறேன்" என்று சிரிக்கப் பார்த்தேன்.

"அடுத்ததுன்னு ஒண்ணு இல்லப்பா. இதேதான். இந்த உப்பிட்டுகூட இதேதான்."

அன்று உன் உப்புமா அடிப்பிடித்திருந்தது.

மறு வருஷம் கொள்ளேகாலிலிருந்து சாயப்பட்டறைத் தெருக் கிணற்றுத் தண்ணீர் வந்தது. மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் குடிக்கத் தகாததுதான். எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம் அது. அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குடிக்கலாம்னு எழுதுங்க சார். பென்சில்லதானே இருக்கு?"

நான் பேனாவைத் திறந்தேன். தாளில் மை சொட்டியது. 'குடிக்கத் தகாதது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடவும் மறந்துவிட்டேன். நீதான் மூடிக் கொடுத்தாய். "சும்னே இரு. இனி அழியாது."

உயர்வு எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. "கொஞ்சம் வளைஞ்சிருக்கலாமேப்பா" என்று மகள் இன்னும் சொல்கிறாள். முன்பு எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. அந்த நாள் ஆயிரம் தடவை வரட்டும். மை சொட்டச் சொட்ட ஆயிரம் தடவையும் அதையேதான் எழுதுவேன்.

ஆனால் நீ சொன்னபடி பார்த்தால் பள்ளிக்கூடக் கிணறும் அல்லவா திரும்பி வரும்? பிடித்த நாளை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நான் விசாரித்ததே இல்லை.

சாமராஜநகர் இப்போது தனி மாவட்டமாகிவிட்டது. புது ஆபீஸுக்கு இன்று எழுதிவிட்டேன்: 'அந்த எண்ணைக் குறைத்தது நான். உண்மையான எண் இது. கிணற்றை மறுபடி சோதியுங்கள்.' அழித்த எண் எனக்கு மறக்கவே இல்லை. பென்ஷனுக்கு என்ன ஆகுமோ என்று மகளுக்குப் பயம். எனக்கும்தான். ஆகட்டும்.

அதற்கு வரைவு எழுதப் பென்சில் தேடித்தான் காலையில் இழுப்பறையைத் திறந்தேன். பென்சில் இருந்தது. எடுக்கவில்லை. அந்தக் கடிதத்தையும் மையில்தான் எழுதினேன், இதையும் மையில்தான் எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருக்கிறது, இருக்கட்டும்.

பேனாவை மூடிக் கொடுக்க நீ இல்லை. திறந்தே கிடக்கிறது.