பத்தொன்பதுக்குப் பதினெட்டு

12.3.83, சனி

இன்றைக்கு நாலு ஜாக்கெட் முடித்துக் கொடுத்திருக்க வேண்டும். ஒன்றுகூட முடியவில்லை. பத்து மணிக்கு ஹபீப் முகமது அண்ணன் ஆளனுப்பிவிட்டார். மெயின் பஜாரில் அவருடைய ஜவுளிக்கடை மாடிதான் பதினோரு வருஷமாக எங்கள் கட்சி ஆபீஸ். நகரச் செயலாளரும் அவர்தான். தலைமையிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஏப்ரல் 24 உட்கட்சித் தேர்தல். சட்டசபைக்கு இங்கிருந்து யார் பெயரை அனுப்புவது என்பது இனி ஜெயிக்கிற செயலாளர் கையில்.

"நெஞ்சுவலி வந்ததுலேருந்து என்னால மாடி ஏற முடியல. நீ நில்லு தங்கச்சி."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எட்டு வருசமா மகளிரணிய நீதான நடத்துற? நீ நிக்காட்டி தனகோடி போட்டியில்லாம வந்து உக்காந்துடுவான்."

தனகோடி. மைன்ஸில் லேபர் கான்ட்ராக்ட் எடுப்பவன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால்தான் எதிர்க்கட்சியிலிருந்து காரில் வந்து இறங்கினான். போன மழைக்காலத்தில், கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிதறுவதை வாரும் பெண்களுக்குப் பூட்ஸ் கொடு என்று முப்பது பேரோடு அவன் வாசலில் போய் உட்கார்ந்தேன். கொடுத்தான். அதை அவன் மறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். "உன் இஷ்டம்" என்றார். எங்கள் பிளாக்குக்குக் கிளைச் செயலாளர் அவர். அவருக்கும் ஓட்டு உண்டு. சரி என்றுதானே அர்த்தம்?

18.3.83, வெள்ளி

மனு கொடுத்தாயிற்று. வேட்பாளர் பெயர்: சி. பேச்சியம்மாள். என் கையெழுத்து எனக்கே புதிதாகத் தெரிந்தது.

23.3.83, புதன்

கிளைச் செயலாளர்களும் நிர்வாகிகளுமாக மொத்தம் முப்பத்தேழு ஓட்டு. இன்று மைன்ஸ் தொழிற்சங்கத்தில் இருக்கிற கொளஞ்சிநாதனிடம் ஓட்டுக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். போராட்டத்தில் அவர் கடலூர் ஜெயிலில் இருந்த இருபத்தேழு நாளும் அவர் பிள்ளைகளுக்குச் சோறு போனது என் வீட்டிலிருந்து.

"அக்கா, உங்க மேல மரியாத இருக்குது. ஆனா பொம்பள கையெழுத்து போட்ட லெட்டர எடுத்துக்கினு மேனேஜ்மென்ட்டுகிட்ட நான் எப்டிப் போவறது? சிரிக்க மாட்டானுங்களா?"

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குடிக்காமல் வந்தேன்.

என் கையால் சாப்பிடலாம். என் கையெழுத்துதான் ஆகாது.

2.4.83, சனி

பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். என் பெயரையும் ஹபீப் அண்ணன் பெயரையும் சேர்த்து. அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன்.

எதிர்க்கட்சிக்காரன் எழுதியிருந்தால் கோபம்தான் வந்திருக்கும். இது யார் கை என்று எனக்குத் தெரியும். போன தேர்தலில் சின்னம் வரைந்த அதே கை. அந்த 'ச'வின் வளைவு. அன்றைக்கு ஏணி ஆடாமல் கீழே பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

3.4.83, ஞாயிறு

மகளிரணிப் பெண்கள் நாலு பேர் போய்ச் சுண்ணாம்பு அடித்தோம். காய்ந்ததும் எழுத்து திரும்பத் தெரிகிறது.

5.4.83, செவ்வாய்

காலை பத்தரை மணி வெயிலில் சைபுன்னிசா மைனி நடந்தே வந்தார். ஹபீப் அண்ணனின் மனைவி. இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்கு அவர் வந்தது இரண்டோ மூன்றோ தடவை. உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ஒரு ஜாக்கெட் தைக்கணும். அளவெடு."

டேப்பை இரண்டு தடவை தவறவிட்டேன்.

"மைனி, அந்தச் செவுத்துல..."

"படிச்சேன். எனக்கும் தமிழ் தெரியும்ல? பொடவைய மாத்து. கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வரலாம்."

பஜாரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். வளையல் கடையில் நின்றோம். தனகோடியின் ஆட்கள் டீக்கடை பெஞ்சில் இருந்தார்கள். மைனி அவர்களைப் பார்த்து, "என்னப்பா, வெயிலு ஜாஸ்தியா?" என்று கேட்டார். ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான்.

வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

11.4.83, திங்கள்

வீட்டுக்காரர் அந்தச் சுவரைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகக் கேட்டிருக்க வேண்டுமோ? என்னவென்று கேட்பது?

20.4.83, புதன்

இருபது ஓட்டு உறுதி என்கிறார் ஹபீப் அண்ணன். என் கணக்கில் பத்தொன்பது. பத்தொன்பதே போதும்.

24.4.83, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

ரகசிய ஓட்டு என்றுதான் சுற்றறிக்கையில் இருந்தது. மாவட்டத்திலிருந்து வந்த பார்வையாளர் தனகோடியின் காரில் வந்து இறங்கினார். "பெட்டி, சீட்டெல்லாம் எதுக்கு? நாமெல்லாம் ஒரே குடும்பம். கை தூக்கினாப் போதும்" என்றார். ஹபீப் அண்ணன் எழுந்து சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினார். "நீங்க பெரியவங்க, உக்காருங்க பாய்" என்று பின்வரிசையில் யாரோ சத்தம் போட்டார்கள். உட்கார வைத்துவிட்டார்கள்.

முதலில் எனக்கு. பதினெட்டு. திரும்ப எண்ணினார்கள். பதினெட்டு. ஒன்று குறைகிறதே, யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை?

அடுத்து தனகோடிக்கு. அப்போதுதான் திரும்பினேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் என் வீட்டுக்காரர். தலை குனிந்திருக்கிறது. கை மேலே இருக்கிறது. நான் தைத்த சட்டை.

பத்தொன்பது.

அந்த ஒரு கை இந்தப் பக்கம் வந்திருந்தால்—

ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்து வந்தோம். எதிரே வந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். கதவைச் சாத்தினதும் கேட்டேன்.

"தனகோடி என்ன தாரேன்னான்?"

"ஒண்ணும் தரல. நான் கேக்கவும் இல்ல."

"பின்ன?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார். "நான் ஷிப்ட் பஸ்ல ஏறினா பேச்சு நிக்குது பேச்சி. தெனமும் நிக்குது. நீ ஜெயிச்சா இன்னும் நாலு செவுத்துல எழுதுவானுவ. தோத்துட்டா விட்டுருவானுவ. அவ்வளவுதான்."

"நீங்க நம்புதீங்களா அத?"

"நம்பல."

நம்பவே இல்லையாம். நம்பாமலேதான் கையைத் தூக்கியிருக்கார். சந்தேகப்பட்டுட்டார்னாகூட ஒரு தடவ சண்ட போட்டு ஆறியிருப்பேன். இத எங்க கொண்டு வைக்க?

25.4.83, திங்கள்

சமைத்தேன். சாப்பிட்டார்.

1.5.83, ஞாயிறு

மே தினக் கூட்டம். கட்சி ஒற்றுமையாக இருக்கிறதென்று காட்ட வேண்டுமாம்; மேடையில் தனகோடிக்கு நான் மாலை போட வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். ஹபீப் அண்ணன், "போட்டுடு தங்கச்சி. கட்சி பெருசு" என்றார்.

போட்டேன். போட்டோ எடுத்தார்கள். இன்னொரு தடவை என்று தனகோடி கேட்டான். போட்டோவில் சரியாக விழவில்லையாம். மறுபடி கழற்றிக் கொடுத்தார்கள், மறுபடி போட்டேன். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். வீட்டுக்காரரும் தட்டினாரா என்று தெரியாது. அந்தப் பக்கமே நான் பார்க்கவில்லை.

9.5.83, திங்கள்

கட்சி ஆபீஸ் தனகோடியின் கட்டடத்துக்கு மாறிவிட்டது. மகளிரணிக்கு நாற்காலி இல்லை. "வர்றப்ப போட்டுக்கலாம்" என்றார்கள்.

19.5.83, வியாழன்

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து மாணிக்கம்மாள் வந்தாள். தனகோடியின் கான்ட்ராக்டில் கரி வாருகிறவள். பூட்ஸுக்காக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவளையும் சேர்த்து ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். காரணம் சொல்லவில்லை. ஆறு பேரும் அன்றைக்கு வாசலில் முன்வரிசை.

"நீ ஜெயிப்பன்னு நம்பிக்கினு இருந்தோம்க்கா. தோத்துட்ட, பரவால்ல. இப்ப நாங்க ஆருகிட்ட போவறது?"



21.5.83, சனி

தனகோடியைப் பார்க்கப் போனேன். ஒரு மணி நேரம் நிற்க வைத்தான்.

"அது தொழில் விசயம். கட்சி விசயமா வந்தா பேசலாம்."

"ஆறு குடும்பம் பட்டினி கெடக்கு. இது கட்சி விசயம் இல்லையா?"

"நீங்கதானம்மா மாலை போட்டீங்க. இப்ப வந்து கத்துனா எப்டி?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கொளஞ்சிநாதனும் இருந்தார். அவர் சிரிக்கவில்லை.

நேரே ஹபீப் அண்ணன் கடைக்குப் போய், லேபர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறேன் என்றேன். கட்சிக்காரன் மேல் நாமே மனு கொடுத்தால் கட்சி பெயர் கெட்டுவிடும், அவசரப்படாதே என்றார். நல்ல மனிதர். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவரிடம் இனி கேட்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை.

24.5.83, செவ்வாய்

கட்சியை விட்டு விலகுகிறேன் என்று ராஜினாமாக் கடிதத்தைத் தபாலில் போட்டேன். நாலே வரி. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ஊர் சொல்லிவிடும்.

14.6.83, செவ்வாய்

ஆறு பேரோடு கடலூர் போனேன். வடலூரில் பஸ் மாறினபோதே நல்ல கூட்டம், நின்றுகொண்டேதான் பயணம். லேபர் ஆபீசில் மூன்று மணி வரைக்கும் காத்திருந்தோம். கிளார்க் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"உங்களயும் நிறுத்திட்டாங்களாம்மா?"

"இல்லீங்க."

"அப்ப நீங்க எந்தச் சங்கம்? எந்தக் கட்சி?"

பன்னிரண்டு வருஷமாக யோசிக்காமல் சொன்ன பதில். இன்று வாய் வரவில்லை.

மாணிக்கம்மாள் முன்னால் வந்தாள். "கச்சியெல்லாம் இல்ல சார். எங்களுக்காவ பேச வந்துகிறாங்க. அப்டியே எழுதிக்கங்க."

அப்படியே எழுதிக்கொண்டார். ஜூலை எட்டாம் தேதி விசாரணை. தனகோடிக்கும் நோட்டீஸ் போகுமாம். அன்றைக்கு அவன் வக்கீலோடு வருவான். நாங்கள் தோற்றுத்தான் போவோமோ என்னவோ.

வீட்டுக்கு வரும்போது இருட்டவில்லை. வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். பஜாரில் கேள்விப்பட்டிருப்பார்.

"என்ன சொன்னாங்க?"

"எட்டாம் தேதி வரச் சொன்னாங்க."

செருப்பைக் கழற்றி உள்ளே போனேன். பின்னாலேயே வந்தார்.

"எட்டாம் தேதி எனக்கு ஆஃப்தான். கூட வரட்டுமா?"

"வேண்டாம். நாங்க ஏழு பேர் இருக்கோம்" என்றேன்.