சனிக்கிழமை காலை வந்த விண்ணப்பம்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. சாலைக் கடைத்தெருவில் கணுக்கால் மூழ்கத் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடை. கல்லூரி 9.20. எனக்கு முன்னால் யாரும் இல்லை, வழக்கம்போல்.

மேஜைமேல் சர்க்குலர். அட்மிஷன் பிரிவு முழுவதற்கும் நாளையும் மறுநாளும் பயிற்சி. விதிகள், நேர்மை, நடத்தை. முடிவில் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று. கையெழுத்திடாதவர் இந்த வருடம் கவுண்டரில் உட்கார முடியாது.

முப்பத்தோரு வருடம் அந்தக் கவுண்டர். பத்தாம் வகுப்போடு நின்றவன் என்று மூன்று தடவை என்னைத் தாண்டி ஆள் வைத்தார்கள். பல்கலைக்கழக விதிப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நானே படித்தேன். பக்க எண்ணோடு சொல்வேன். எனக்கு நேர்மை சொல்லித்தர எர்ணாகுளத்திலிருந்து ஆள்.

சூப்ரண்டு ஸ்ரீலதா, என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள்: "பிள்ளை சாரே, முகம் வீர்ப்பிக்கண்டா. ரெண்டு திவசம் ஏசியில இருக்காமல்லோ." முகத்தைத் தூக்கிவைக்கக் கூடாதாம், ரெண்டு நாள் ஏசியாம்.

வாங்க: பல்பொடி, ரீஃபில், மனைவிக்கு வேது பிடிக்க நொச்சி இலை.

ஜூன் 10, செவ்வாய்

பயிற்சி. டை கட்டிய ஆள், திரையில் படம் படமாக. உறவினர் விண்ணப்பித்தால் சொல்லவேண்டும். விண்ணப்பத்தை நாம் பூர்த்தி செய்யக்கூடாது. பெற்றோர் தரும் எதையும் வாங்கக்கூடாது.

ரெக்கார்டு ரூம் தங்கப்பன் எழுந்து, "சக்க வற்றலோ சாரே?"

"வாங்கக்கூடாது."

"அப்போ முழுச் சக்கயோ?"

முழுப் பலாப்பழமாம். நல்ல சிரிப்பு. நானும் சிரித்தேன். அடுத்த படம்: விண்ணப்பம் கைக்கு வந்த தேதிதான் முத்திரையின் தேதி.

இங்கே எழுதலாம். தேதி முத்திரையை நான் சாயங்காலம் மாற்றுவதில்லை. மறுநாள் பத்தரை மணி டீ குடித்தபிறகுதான் சக்கரத்தைத் திருப்புவேன். மலையோரம் வித்துராப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் பத்து மணிக்கு முன்னால் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு முந்தின நாள் தேதி விழும். ஊருக்குள் இருப்பவனுக்குக் கடைசி நாள் என்றால் சாயங்காலம் நாலு மணி. மலையில் இருப்பவனுக்கு மத்தியானப் பஸ்ஸோடு நாள் முடிந்துவிடும். இந்த வழக்கம் யாரும் சொல்லி வந்ததல்ல. யாரும் கேட்டதும் இல்லை.

இந்த வருடம் கடைசி நாள் வெள்ளி, ஆறாம் தேதி. சனி காலை 9.50க்கு ஒரு பெண்ணும் அப்பாவும், சொட்டச் சொட்ட. வித்துராவுக்கு மேலே தேயிலை எஸ்டேட். பெயர் ஜெயா. பி.எஸ்ஸி. கணிதம். "நேத்து ரோட்டுல மரம் விழுந்துட்டுங்கய்யா, பஸ்ஸு வரல" என்றார் அப்பா. மார்க்கைப் பார்த்தேன். முத்திரையில் ஆறாம் தேதி இருந்தது. குத்தினேன்.

ஜூன் 11, புதன்

இரவு தூக்கமில்லை.

டைக்காரர் கேள்வி: தாமதமான விண்ணப்பத்தை வாங்கினால் நஷ்டம் யாருக்கு? நான் சொன்னேன், யாருக்கும் இல்லை, மார்க்கு இருக்கிறவனுக்குச் சீட்டு.

"சாரே, சீட்டு நாற்பது. நாற்பத்தோராவது ஆள் ஆரா?"

பிரிவுக்குத் திரும்பியதும் கணித வரைவுப் பட்டியலைத் தேடி எடுத்தேன். ஜெயா முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று, ஊருக்குள் இருக்கும் கரமனைப் பெண் ஒருத்தி. முப்பத்தோரு வருடத்தில் சீட்டு முடிகிற கோட்டுக்குக் கீழே நான் பார்த்ததில்லை.

ஜூன் 12, வியாழன்

பட்டியல் ஒட்டியாயிற்று. பதினொரு மணிக்கு நாற்பத்தொன்றின் அப்பா கவுண்டரில். கோயில் மடைப்பள்ளியில் வேலை. வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஏதாவது நகருமா, சொல்லுங்கோ. ஒரே ஒரு நம்பர்தானே."

"சொல்ல முடியாது."

"உங்களைக் குத்தம் சொல்லலை. சரியா போட்டிருப்பேள்னு தெரியும்."

வீட்டில் மனைவியிடம் பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். "கையெழுத்துதானே, போட்டுட்டு வாங்க. வேலையை விட்டுட்டு வீட்டுல இருந்தா எனக்குச் சோறு வடிக்கச் சொல்லித்தருவிய" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

பத்திரம் வந்தது. நாலாவது வரி: கைக்கு வந்த தேதியைத் தவிர வேறு தேதியை நான் இட்டதில்லை. அதை அடித்தேன். பக்கத்தில் வழக்கத்தை எழுதினேன், இந்த வருடத்து ஜெயா விண்ணப்பத்தையும் எழுதினேன்.

ஸ்ரீலதா படித்ததும் கதவைச் சாத்தினாள். "இது ஆரும் நோக்கில்ல சாரே. புதிய பாரம் தராம். ஒப்பிடூ. நாளை முதல் சீல் மாற்றியால் மதி." யாரும் பார்க்க மாட்டார்களாம், புது ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு நாளையிலிருந்து முத்திரையை மாற்றினால் போதுமாம்.

செய்தது தப்பு என்று எழுத மாட்டேன். செய்யவில்லை என்றும் எழுத மாட்டேன். அதைத்தான் சொன்னேன்.

"சாரினு வட்டாணோ?" என்றாள், பைத்தியமா என்று. கண் கலங்கியிருந்தது அவளுக்கு. பத்திரத்தை மேலே அனுப்பினாள்.

ஜூன் 16, திங்கள்

பிரின்ஸிபால் அறை. பன்னிரண்டு நிமிடம். மலைப் பாதை, பஸ் நேரம், எல்லாம் சொன்னேன். "ரூல் எல்லாவர்க்கும் ஒண்ணல்லே பிள்ளே?" ஒன்றுதான், ரோடு ஒன்றில்லை என்றேன். உட்காரச் சொல்லவில்லை.

முடிவு: ஜெயா நீக்கம். கரமனைப் பெண் உள்ளே. நான் ரெக்கார்டு ரூமுக்கு. ஓய்வுக்கு மேல் வேலை நீட்டிப்பு உண்டா என்பது ஆகஸ்டில் தெரியும்.

தங்கப்பன் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தான்.

ஜூன் 18, புதன்

நேர்காணல் நாள். நீக்கிய கடிதம் இன்னும் தபாலில். வியாழக்கிழமைப் பட்டியலைப் பார்த்து யாரோ எஸ்டேட்டுக்குப் போன் செய்திருக்கிறார்கள். பத்து மணிக்கு வெளியே குரல்: "அந்தப் பெரியய்யா இல்லீங்களா? எங்க விண்ணப்பத்தை வாங்குனவரு."

கவுண்டரில் முணுமுணுப்பு. ரெக்கார்டு ரூமில் பின்கதவு உண்டு. கை ஒருமுறை அதன் தாழ்ப்பாள்மேல் போனது, உண்மை. முன்கதவைத் திறந்துகொண்டு போனேன்.

பெண் புது தாவணியில். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் மார்போடு பிடித்திருந்தாள். தேதியை நான் இட்டதும், நான் எழுதிக்கொடுத்ததும், பெயர் போனதும், மூன்றையும் சொன்னேன். நிறுத்தாமல் சொன்னேன்.

பெண் உறையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எதுக்குய்யா எழுதிக் குடுத்தீங்க?" என்றார். கோபத்தோடு கேட்டிருக்கலாம். புரியாமல் கேட்டார். பிறகு, "ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

ஆகவில்லை என்றேன்.

2.10 பஸ்ஸுக்குப் போனார்கள். சாப்பிடச் சொன்னேன், மறுத்தார்கள்.

கணிதத்தில் ஒரு சீட்டு கூட்டித்தரப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் உண்டு. விதிப்புத்தகம், பக்கம் 64. கல்லூரி கேட்காதாம். நான் கேட்கிறேன். மனு என் பெயரில், என் இங்கிலீஷில். ஸ்ரீலதா திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம். நாளை அரை நாள் லீவு, மனுவைப் பல்கலைக்கழகத்தில் நேரில் கொடுக்க.