மகன் ஊற்றச் சொன்ன எண்ணெய்

செவ்வாய், இரவு

கஞ்சத்தனத்தால் காருக்குச் சமையல் எண்ணெய் ஊற்றினேன் என்கிறார்கள். தவறு. நான் ஊற்றியது, சிப்ஸ் கடைகளின் பழைய எண்ணெயிலிருந்து என் மகன் ரகு பல்லடத்தில் தயாரிக்கும் பயோடீசல். பார்த்தவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னவளும் நான்தான்.

என் கணவர் வாங்கிய அந்தக் கார் இன்று கணபதி பகுதியில் நடுரோட்டில் நின்றுவிட்டது. என் வண்டியையும் ரகுவின் வண்டியையும் பார்க்கும் மெக்கானிக் வந்து ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே பசைபோல் அடைத்திருந்தது.

"ஏனுங்கம்மா, தம்பி அவரு வண்டிக்கு இதை ஊத்தறதில்லீங்களே!"

"பின்னே?"

"பங்க் டீசல்தானுங்க. மொதல்ல அம்மா வண்டீல ஓட்டிப் பாக்கலாம்னாருங்க."

காரை அவரிடமே விட்டேன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

ரகு, இந்தப் பக்கத்தைக் கிழித்து உனக்கே அனுப்பப் போகிறேன். உன் வண்டிக்கு ஊற்றாததை என் வண்டிக்கு ஏன் ஊற்றச் சொன்னாய்? போன் வேண்டாம். எழுதி அனுப்பு.