தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் பிரியமுள்ள செல்வியக்கா,

இன்று காலை நம் தவிட்டம்மாவுக்குப் பள்ளிச் சீருடை போட்டுப் பார்த்தேன். நீல பினஃபோர் முழங்காலைத் தாண்டித் தொங்குகிறது. பிடித்துத் தைக்கலாமா, வளரட்டும் என்று விடலாமா? நீங்கள் இருந்தால் வேலி வழியே கேட்டிருப்பேன்.

தொண்ணூற்றொன்றில் மாதம் நிறையாமல் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாளே, நினைவிருக்கிறதா? மூக்கில் குழாய், மார்பில் ஒயர். சத்தம் வராமல் அழுதாள். உள்ளே கைவிட்டுத் தொடுங்கள் என்று நர்ஸ் மிஸி தினமும் சொன்னார். நான் தொடவில்லை. முன்னால் பிறந்த இரண்டும் என் மடியில்தான் போயின. என் கை பட்டால் இதுவும் தங்காது என்று பயந்தேன், அக்கா.

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைச் சட்டையோடு வந்து, கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தீர்கள். உங்கள் கோழிகளுக்கு வைத்திருந்த தவிடு. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததைத் தவிட்டுக்கு விற்றுவிட்டால், அடுத்த வீட்டுப் பிள்ளை என்று எமன் விட்டுவிடுவான் என்பார்களே, அதற்கு.

“வாங்கிட்டேன். இனி அது எம் பிள்ள. எனக்கு ஷிப்ட்டுக்கு நேரமாச்சுலா. எம் பிள்ள அழுவுது பாரு, போய்ப் பாத்துக்க.”

பாதித் தவிடு தரையில் கொட்டியது. கூட்டுகிற அம்மாவிடம் ஏச்சு வாங்கியது நான். நீங்கள் பஸ் பிடிக்கப் போய்விட்டீர்கள்.

அடுத்தவர் பிள்ளை அழுதால் சும்மா நிற்க முடியுமா? கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். தடவ வேண்டாம், அசையாமல் பிடித்திருந்தால் போதும் என்றார் மிஸி. ஒரு கையைத் தலைமேல் கவிழ்த்து, மறுகையால் பாதங்களைச் சேர்த்துப் பிடித்தேன். உதறிக்கொண்டிருந்த கால்கள் மெல்ல அடங்கின. அப்படியே தூங்கிப்போனாள். நான் நின்றபடியே அழுதேன். கையை மட்டும் அசைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையைக் கேட்டேன். “பள்ளிக்கூடம் போவட்டும்லா, அப்பறம் பாப்போம்” என்று சிரித்தீர்கள். அதற்குள் என்ன அவசரம், அக்கா? காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையே.

உங்கள் கோழிகள் இப்போது என் வீட்டில்தான். சாயந்தரம் தவிடு பிசையும்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கதை முழுதும் தெரிந்தவள்.

“அம்மா, இனி என்னய யாருகிட்டேருந்து திருப்பி வாங்குவ?”

வாங்கப்போவதில்லை என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன், அக்கா. அவள் உங்கள் பிள்ளையாகவே இருக்கட்டும். அழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் பிள்ளையை வளர்க்கும் தங்கச்சி,
ஜெயா