உனக்குக் கட்டாத வெள்ளைத் துணி

நேற்று ஒரு காதுகுத்து விருந்து, முந்நூறு இலை. இன்று காலை அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கப் போனால், அதன் வளையத்தில் வெள்ளைப் பனியன் துணி ஒன்று முடிச்சோடு தொங்குகிறது. சாம்பார்க் கறையும் பெருங்காய வாசமும் அதில் அப்பியிருந்தன. அவிழ்க்க உட்கார்ந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு சொன்ன பேச்சு கேட்பதில்லை இப்போதெல்லாம். உனக்கு நாலு வரி எழுதிவிட்டு எழுந்திருக்கலாம் என்று தோன்றியது.

பனியன் கம்பெனிச் செக்கிங் மேஜையில் எதிரெதிரே நின்று பனியனில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்த நாம் இருவரும் வேலையை விட்டுவிட்டு விருந்துச் சமையல் ஆர்டர் எடுக்க ஆரம்பித்தோமே, என்ன தைரியம் நமக்கு! இந்த அண்டாவை அனுப்பர்பாளையத்தில் வாங்கி மண்ணரை வரைக்கும் டெம்போவில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாய். திட்டம் போடுவது என் வேலை, ஆட்களைப் பார்த்துக்கொள்வது உன் வேலை. எத்தனை பந்தி, எந்த வரிசைக்கு யார், வடை எப்போது இறங்கவேண்டும் என்று எல்லாம் நோட்டில் எழுதுவேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் செரி அம்மிணி, இதுல மனுசங்க எப்ப சோறு திங்கறது?" என்பாய்.

கம்பெனி வேஸ்ட் துணியைக் கிழித்து, பரிமாறுகிறவர்கள் மணிக்கட்டில் கட்டும் யோசனை உன்னுடையதுதான். சோற்றுக்குப் பச்சை, சாம்பாருக்குச் சிவப்பு, இலை எடுக்க நீலம். பெயர் தெரியாத புது ஆளைக்கூட, "பச்சை, இந்தப் பக்கம் வாங்க சாமி!" என்று கூப்பிடுவாய். வெள்ளை மட்டும் வேறு. ஒவ்வொரு பந்திக்கும் மூன்று பேருக்கு வெள்ளை கட்டுவாய். அந்தப் பந்தி முடியும்வரை அவர்கள் உட்கார்ந்து சாப்பிடவேண்டும், யார் கூப்பிட்டாலும் எழக்கூடாது. கல்யாண வீட்டுக்காரரே வந்து கேட்டாலும், "அவரு இப்ப வெள்ளைங்க. காலையிலிருந்து வெறும் வயித்தோட நிக்கறவரு எப்படீங்க சிரிச்சுட்டே பரிமாறுவாரு?" என்று திருப்பி அனுப்பிவிடுவாய்.

யாருக்கு எப்போது வெள்ளை என்ற வரிசையை எழுதியது நான். இருபத்திரண்டு பெயர்கள். அதில் உன் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. என் பெயரும்தான் இல்லை, ஆனால் நான் நோட்டோடு ஒரு நாற்காலியில் இருந்தவள். நீ நடந்துகொண்டே இருந்தவள்.

அவிநாசிக் கல்யாணத்தை எடுத்திருக்கவே கூடாது. முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. நம் ஆட்கள் அத்தனை பேரும் பனியன் கம்பெனிக்காரர்கள், ஞாயிறு லீவில்தான் நம்மிடம் வருவார்கள். ஷிப்மென்ட் அவசரம் என்றால் அந்த லீவும் போய்விடும் என்பது பத்து வருஷம் செக்கிங்கில் நின்ற எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்தும் மாற்றுக்கு ஒரு பெயர்கூட எழுதி வைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், ஞாயிறும் வேலை உண்டு என்று கம்பெனிகளில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் அறுநூறு இலைக்கு ஒன்பது பேர் வந்து நின்றார்கள்.

"இன்னிக்கு ஒருத்தரும் உக்கார முடியாது" என்று வெள்ளைத் துணிகளைப் பைக்குள் திணித்தேன். பிடுங்கிக்கொண்டாய். "நீ உன்ற நோட்டைப் பாரு அம்மிணி. ஆளுங்களை நான் பாத்துக்கறேன்." மூன்று பேருக்குப் பதில் ஒருவரை உட்காரவைத்தாய். உட்கார்ந்தவருடைய வாளியை நீ தூக்கினாய். முதல் பந்தியில் சோறு, இரண்டாவதில் சாம்பார், மூன்றாவதில் மறுபடியும் சோறு.

நாலாவது பந்திக்கு இலை போட்டாயிற்று, உன்னைக் காணோம். மாப்பிள்ளை வீட்டார் கைதட்டிக் கூப்பிடுகிறார்கள். தேடி வந்தால், ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாய். முகமெல்லாம் வேர்வை. இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தாய். எனக்கு வந்ததே கோபம்! "அங்க மானம் போகுது, நீ இங்க சொகுசா உக்காந்துட்டு இருக்கியா?" என்று கத்தினேன். சொகுசாம். என் வாயில் கொள்ளியை வைக்க! "வந்துட்டேன் அம்மிணி" என்று எழுந்து வாளியை எடுத்தாய்.

விருந்து அமோகமாக முடிந்தது. சம்பந்தி வீட்டார் ரசத்தைப் புகழ்ந்தார்கள். திரும்பும்போது டெம்போவில், "வாய்வு புடிச்சிருச்சாட்ட இருக்குது" என்று இஞ்சியை மென்றாய். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. பத்தாம் நாள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் சாய்ந்தவள் எழவேயில்லை. நெஞ்சில் கொஞ்ச நாளாகவே கோளாறு இருந்திருக்கும், யாரிடமும் சொல்லவில்லையா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய்.

நாலு வருஷமாகத் தனியாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நினைக்கிறேன், அடுத்த ஆர்டரும் வந்துவிடுகிறது. இப்போது பாதிப் பேர் ஹிந்திக்காரர்கள். பச்சை, சிவப்பு என்று மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினால் போதும், புரிந்துகொள்கிறார்கள். மாற்றுக்கு நாலு பெயர் சேர்த்தே எழுதுகிறேன்.

நேற்று இரண்டாம் பந்தியில், உன் இடத்தில் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற பெண்ணைக் காணோம். தேடிப் போனால் அவளும் வாளியைக் காலடியில் வைத்துவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே அதே கைதட்டல். எனக்கும் அதே கோபம் தொண்டைவரை வந்தது, பொய் சொல்லவில்லை. விழுங்கிக்கொண்டு, "ஏங்கண்ணு, என்ன பண்ணுது?" என்று கேட்டேன்.

"கிறுகிறுன்னு வருதுங்க்கா. காலையில ஒண்ணும் சாப்பிடலீங்க."

அவள் கையில் வெள்ளையைக் கட்டினேன். இலை போட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். பிறகு அவள் வாளியை நான் தூக்கினேன். அதனால்தான் இடுப்பு இன்று இந்தப் பாடு படுத்துகிறது. போகும்போது துணியை அண்டாவில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

பந்தி கால் மணி நேரம் தாமதமானது. வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். வேறொன்றும் நடக்கவில்லை.

அன்றைக்கும் அவ்வளவுதான், புள்ள, நடந்திருக்கும்.