நயினார் வீடு

விழுப்புரம்
12-1-1963

அன்பு மகன் ராஜாமணிக்கு,

அப்பா விருத்தாசலம் எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் இல்லை என்கிறது. பம்பாயில் நீயும் மருமகளும் சௌக்கியம்தானே?

உன் கடிதம் இந்தத் தடவையும் 'நயினார் வீடு' என்றே வந்தது. உன்மேல் குற்றமில்லை. துரைக்கண்ணு கட்டிய வீட்டைச் செஞ்சிப் பக்கத்து ஜைனர் பார்சுவநாத நயினார் வாங்கிக் குடியிருந்த காலமெல்லாம் அது துரைக்கண்ணு வீடு. அவர் எனக்கு விற்றுவிட்டுப் போன பிறகு நயினார் வீடு. இருக்கிறவன் பேரைச் சொல்லும் வழக்கம் நம் தெருவுக்குக் கிடையாது. கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வீடு நயினார் வீடாம். புதிதாய் வருகிறவன் வாசலிலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறான்.

உன் அம்மா போன பிறகு இவ்வளவு பெரிய வீட்டைப் பெருக்க முடியவில்லை. பாதியைப் பெருக்கிவிட்டு மீதியைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். பின்னால் மல்லாட்டை விளைந்த கொல்லையில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். சவுரியம்மாள் டீச்சர் வீட்டை விலைக்குக் கேட்கிறார். ஆனால் மகனும் கையெழுத்துப் போட வேண்டுமாம். "பின்னால பையன் வந்து நின்னுக்கினு எங்க வீடுன்னா, நான் எங்க போறது நயினாரே?" என்கிறார். நானும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்துத் தொலைத்தேன்.

ஆகவே ஒரு தடவை வந்து போ. வந்து பார்த்துவிட்டு விற்க வேண்டாம் என்று சொன்னாலும் எனக்குச் சம்மதமே. டீச்சருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா


பம்பாய்
3-2-1963

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். ஆபீஸில் லீவு கேட்பதே பேஜாராக இருக்கிறது. ஒரு கையெழுத்துக்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை என்று இங்கே வக்கீல் சொன்னார். அம்சா அக்கா வீட்டுக்காரர் சீனுவாசன் பேருக்குப் பவர் எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எனக்குப் பதில் அவர் கையெழுத்துப் போடுவார்.

விற்பது நல்ல முடிவு. திண்டிவனத்துக்கு அக்காவிடமே போய்விடுங்கள்.

ராஜாமணி


திண்டிவனம்
9-6-1963

அன்பு மகன் ராஜாமணிக்கு,

ஏன் கடிதமே இல்லை என்று கேட்டிருந்தாய். புது இடத்தில் எங்கே உட்கார்ந்து எழுதுவது என்று பிடிபடவே இத்தனை நாளாயிற்று.

பத்திரம் முடிந்தது. பவரைப் பார்த்ததும் டீச்சர் முகம் மலர்ந்தது. "கையெழுத்துக்கே வராதவரு, பின்னால வந்தா நிக்கப் போறாரு? எனக்கு இனிமே பயமில்ல" என்றார். நானும் தலையாட்டினேன்.

நீ வருவாய் என்று உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவைத்தேன். "விக்கப் போற வீட்டுக்கு எவனாவது வெள்ளையடிப்பானாப்பா?" என்றாள் அம்சா. அடித்தேனே. டீச்சருக்கு லாபம்.

போன வாரம் அங்கே விட்டுவந்த குடையை எடுக்கப் போனேன். ஸ்டேஷனில் ஜட்கா வண்டிக்காரனிடம் வழக்கம்போல நயினார் வீடு என்றேன். யோசித்தான். "ஓ, விருத்தாசலம் வீடா? அப்படிச் சொல்லுங்க பெரியவரே" என்றான். அந்த விருத்தாசலம் நான்தான் என்று சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இனி உறையில் 'சீனுவாசன் வீடு' என்று போடு. இந்தத் தெருவில் இருக்கிறவர் பேரைத்தான் சொல்கிறார்கள், மாப்பிள்ளை கொடுத்துவைத்தவர். எப்போதாவது விழுப்புரத்தில் இறங்கினால் விருத்தாசலம் வீடு என்று கேள், யாரும் காட்டுவார்கள். டீச்சர் நல்ல மனுஷி. குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்.

அப்பா